தெருவில் நீந்திய நீர்க்காகம்

கடந்த மாரிகாலத்துச் சனிக்கிழமை ஒன்றில், லாச்சப்பல் மெத்ரோ நிலையத்திலிருந்து உயரப் பாலத்தின் கீழாக நடந்து, ஸ்டாலின்கிராட் சந்தியைக் கடந்து, லா வில்லெத் நீர்த்தடாகத்தின் கரையில் ஒரு மணிநேரம் நின்றோம். 1808 ஆம் ஆண்டில் நீர் நிரப்பப்பட்ட அத்தடாகம் ஏறத்தாழ 800 மீற்றர் நீளமும் 70 மீற்றர் அகலமும் உடையது. எம்மவரில் பெரும்பாலானோர் வாரந்தோறும் மரக்கறி வாங்க வந்து, அதற்கு மிக அருகால் திரும்பிச் செல்பவர்கள்தாம். ஆயினும் அங்கே குளிர்காலத்தில் கடற்காகங்கள் கூட்டமாக வந்திறங்குவதை நின்று பார்த்தவர் சிலரே. அன்று அவற்றின் நடுவே நீர்க்காகம் ஒன்று மூழ்குவதும் எழுவதுமாக மீன் பிடித்துக்கொண்டிருந்தது. ஊரிலே குளக்கட்டில் சிறகை விரித்துக் காயவிட்டிருக்கும் நீர்க்காகத்தின் பெரிய உறவுக்காரர் என்று சொல்லத்தக்க பறவை. குளிரையும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

பின்னர் விரல் விறைத்த நிலையில் போபூர் சென்-தெனி வீதிக்குத் திரும்பி, தேநீர்க்கடை ஒன்றில் அமர்ந்து, கைத்தொலைபேசியில் அக்காட்சியைப் பதிவு செய்தோம். பிழை அங்கேதான் நேர்ந்தது. தொலைபேசி, பறவை எங்கே இருந்தது என்று கேட்கவில்லை. நாம் எங்கே அமர்ந்திருக்கிறோம் என்பதைத் தானாகவே எழுதிக்கொண்டது. நாமும் கவனியாமல் ஒப்பமிட்டு அனுப்பிவிட்டோம். குறிப்புப் பகுதியில் ‘மூழ்கி மீன் பிடித்தது’ என்று வேறு எழுதியிருந்தோம். ஆக, சேலைக்கடைக்கும் மரக்கறிக்கடைக்கும் இடையில், தார் வீதியில், நீர்க்காகம் ஒன்று மூழ்கி மீன் பிடித்ததாக உலகப் பொதுத் தரவுத்தளத்தில் எமது பெயரால் ஒரு பதிவு ஏறிற்று.

மூன்று நாட்களின் பின் மிகுந்த மரியாதையுடன் ஒரு கடிதம் வந்தது. பதிவுகளைச் சரிபார்க்கும் தொண்டர் ஒருவர் எழுதியிருந்தார். நாம் குறித்த புள்ளியில் நீர்நிலை எதனையும் வரைபடம் காட்டவில்லை என்றும், இடத்தை மீண்டும் ஒருமுறை பார்க்க இயலுமா என்றும் கேட்டிருந்தார். முதலில் சிரித்தோம். பிறகு வெட்கப்பட்டோம். வாசகர்களில் சிலரும் இப்பழக்கத்தில் இறங்கியிருப்பதை அறிவோமாதலால், இவ்வாரப் பத்தியை இதற்கே ஒதுக்குகின்றோம்.

பறவை பார்ப்போர் தத்தம் காட்சிகளைப் பதிந்து, எல்லோருக்கும் பொதுவாக வைக்கும் தரவுத்தளங்கள் இன்று பல உள்ளன. அவற்றுள் பெரியது ஈபேர்ட். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வுகூடமும் ஓடுபன் சங்கமும் 2002 இல் தொடங்கியது. 2010 முதல் உலகம் முழுவதற்கும் திறந்துவிடப்பட்டது. பிரான்சில், 1912 இல் நிறுவப்பட்ட பறவைகள் பாதுகாப்புக் கழகமான எல்.பி.ஓ. முன்னின்று நடத்தும் ‘ஃபோன்-பிரான்ஸ்’ என்ற தளமும் உண்டு. பணம் எதுவும் கேட்பதில்லை. பல்கலைக்கழகப் பட்டமும் வேண்டியதில்லை. நாள், நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை, இடம் ஆகிய ஐந்தையும் எழுதினாற் போதும்.

இவற்றுள் முதல் நான்கிலும் எம்மவர் மிகக் கவனம் என்பதை ஒத்துக்கொள்ளவே வேண்டும். பெயரில் ஐயம் வந்தால் நிழற்படத்தை நாலு பேருக்கு அனுப்பிக் கேட்பார்கள். எண்ணிக்கையில் ஒன்று கூடிவிட்டால் மனம் பொறுக்கமாட்டார்கள். இடம் என்று வந்துவிட்டால் மட்டும், ‘பாரிஸ்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். தடாகத்திற்கும் தேநீர்க்கடைக்கும் இடையில் ஒரு கிலோமீற்றர்கூட இல்லையே, இதற்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று கேட்கும் நண்பர்களும் எமக்குண்டு.

நகரத்தில் ஒரு கிலோமீற்றர் என்பது நீரிலிருந்து தாருக்கு மாறும் தூரம். ஆய்வாளர்கள் எமது புள்ளியை எடுத்து, செய்மதிப் படத்தில் அவ்விடம் நீரா, மரமா, கட்டடமா என்று பொருத்திப் பார்க்கிறார்கள். இவ்வாறு ஆயிரமாயிரம் புள்ளிகளைப் பொருத்தித்தான் எந்தப் பறவைக்கு எத்தகைய நிலம் வேண்டும் என்பதைக் கணிக்கிறார்கள். தேநீர்க்கடையில் இருந்து பதிந்த ஒவ்வொரு பதிவும், நீர்க்காகம் தார் வீதியில் வாழும் என்று கணனிக்குப் பொய்ப்பாடம் சொல்லிக்கொடுக்கிறது. ஒருவர் செய்தால் அது தெரியாமற் போகும். எல்லோரும் தேநீர் குடித்துவிட்டுப் பதியத் தொடங்கினால்?

பாரிஸ் நகரத்துச் சிட்டுக்குருவியின் கதையை எடுத்துக்கொள்வோம். தமிழில் அதற்கு அடைக்கலக்குருவி என்றும் ஒரு பெயருண்டு. மனிதர் கட்டிய கூரையில் இடங்கேட்டு வாழ்வதால் வந்த பெயர். அடைக்கலம் கேட்டு இந்நகருக்கு வந்த எமக்கு அப்பெயரில் ஒரு தனிப் பாசம் இருப்பதை மறைப்பதற்கில்லை. இந்நகரில் 2003 முதல் 2016 வரையான காலத்தில் அக்குருவிகளின் எண்ணிக்கை 73 சதவீதம் வீழ்ந்துவிட்டதாக இங்குள்ள பறவை ஆர்வலர் அமைப்புகளின் கணக்கெடுப்புக் கூறிற்று. பழைய சுவர்களின் பொந்துகள் திருத்த வேலைகளில் அடைபட்டமையும், புல்லும் பூச்சியும் உள்ள வெறுநிலங்கள் குறைந்தமையும் காரணங்களுட் சில.

அந்த 73 என்ற எண் எவ்வாறு கிடைத்தது? நகரில் குறித்த புள்ளிகளைத் தெரிந்தெடுத்து, ஆண்டுதோறும் அதே புள்ளிகளில் போய் நின்று எண்ணியதால் கிடைத்தது. ஓர் ஆண்டு தெருமுனையில் நின்று எண்ணி, மறு ஆண்டு பூங்காவுக்குள் நின்று எண்ணியிருந்தால், குருவி குறைந்ததா, நின்றவர் நகர்ந்தாரா என்று எவராலும் கூற முடியாது. பிரான்சின் தேசிய இயற்கை வரலாற்று நூதனசாலை 1989 முதல் நடத்திவரும் பொதுப் பறவைக் கணக்கெடுப்பிலும் இதே ஒழுங்குதான். பங்குகொள்பவருக்கு 2 கிலோமீற்றர் பக்கமுள்ள ஒரு சதுரம் சீட்டிழுப்பில் விழும். அதற்குள் 10 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஐந்தே நிமிடம். அடுத்த வசந்தத்திலும் அதே 10 புள்ளிகள். நல்ல பறவை அந்தப் பக்கத்து மரத்தில் இருக்கிறதே என்று புள்ளியை நகர்த்தக்கூடாது.

பச்சைக்கிளியின் கதை இதற்கு மறுபக்கம். எமது ஊர்க் கிளியின் இனமே இன்று பாரிசிலும் புறநகர்களிலும் கூச்சலிட்டுக்கொண்டு பறக்கிறது. 1970களில் ஓர்லி விமான நிலையத்தில், வளர்ப்புக்காக இறக்குமதி செய்யப்பட்ட கிளிகள் தப்பியமையும், 1990களில் ருவாசியில் மீண்டும் அவ்வாறு நிகழ்ந்தமையும் இதன் தொடக்கம் என்பர். இரண்டு விமான நிலையங்கள், முறையான கடவுச்சீட்டு இல்லாத வருகை. எமது வாசகர்கள் புன்னகைப்பது தெரிகிறது. தெற்குப் புறநகரிலிருந்து அவை எந்த ஆண்டில் எந்தப் பூங்காவை எட்டின என்பதைப் பொதுமக்களின் பதிவுகளைக் கொண்டே தொடர்ந்தறிய முடிகிறது. அந்தோனியில் கண்ட கிளியை வீடு திரும்பி லாச்சப்பலில் பதிந்தால், கிளி பறக்காத தூரத்தை நாம் அதற்காகப் பறந்துகொடுத்தவர்களாவோம்.

பிழையான இடம் எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதற்கு, இந்தியாவில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை இங்கு குறிப்பிடுதல் பொருந்தும். நடு இந்தியக் காடுகளில் வாழும் சிறிய ஆந்தை இனம் ஒன்று 1873 இல் முதன்முதலாக அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது. 1884 க்குப் பின் அதை எவரும் பிடித்ததாக நம்பத்தக்க சான்று இல்லை. ஒரே ஒரு விதிவிலக்காக, பிரித்தானியப் படை அதிகாரியும் பறவையியலாளருமான ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் என்பவர், 1914 அக்டோபரில் குஜராத்தின் மாண்ட்வியில் தாம் பிடித்ததாகச் சீட்டுக் கட்டிய பாடம்செய்த உடல் ஒன்று நூதனசாலையில் இருந்தது. அதை நம்பியமையால் பின்னாளில் தேடுதல்கள் பிழையான பகுதிக்கும் சென்றன. ஆந்தை அகப்படவில்லை. இனமே அழிந்திருக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது.

1990களில் அமெரிக்க ஆய்வாளர் பமீலா ராஸ்முசென் அந்த உடலையும் சீட்டையும் நுணுக்கமாக ஆராய்ந்தார். அது 1880களில் ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் சேகரித்த உடல் என்பதும், மைனர்ட்ஸ்ஹேகன் அதைத் திருடி, தையலைப் பிரித்து மீண்டும் பாடம்செய்து, பொய்யான இடமும் நாளும் எழுதியவர் என்பதும் தெரியவந்தன. அப்பொய்யை ஒதுக்கிவிட்டு, பழைய மெய்யான சீட்டுகள் காட்டிய இடங்களை நோக்கி ராஸ்முசெனும் இரு தோழர்களும் புறப்பட்டனர். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தின் சகாதா நகருக்கு அருகில், சாத்புரா மலையடிவாரத்தில், இலையுதிர்ந்த மரமொன்றில் அந்த ஆந்தை பகல் வெளிச்சத்தில் அமர்ந்திருந்தது. 113 ஆண்டுகள்! மைனர்ட்ஸ்ஹேகன் செய்தது திட்டமிட்ட மோசடி. நாம் தேநீர்க்கடையில் செய்தது கவனயீனம். ஆனால் சீட்டை நம்பித் தேடிப் போகிறவருக்கு இரண்டும் ஒன்றே.

இனி எமது மண்ணுக்கு வருவோம். இப்பத்தியை எழுதத் தூண்டிய உண்மையான கவலை அங்கேதான் இருக்கிறது.

1983 முதல் 2009 வரை வடபகுதியில் தூரநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே போகக்கூடிய நிலை இருக்கவில்லை என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தூரநோக்கி வைத்திருந்தவரை எத்தரப்பும் பறவை பார்ப்பவர் என்று நம்பியிராது. தெற்கிலே தொடர்ந்து எழுதப்பட்ட பதிவேடுகள் வடக்கிலே ஏறத்தாழ வெறுந்தாள்களாக நின்றன. இன்று ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் விடுமுறையில் எம்மவர் பிள்ளைகளுடன் ஊர் போகிறார்கள். பிள்ளைகளிடம் நல்ல நிழற்படக் கருவி இருக்கிறது. அவர்கள் பதியும் ஒவ்வொரு பறவையும் அவ்வெறுந்தாளில் விழும் எழுத்து. (வலசைப் பறவைகள் பெரும்பாலும் செப்டெம்பருக்குப் பின் வந்து ஏப்ரல் அளவில் போய்விடும். எனவே ஆகஸ்டில் போய்விட்டு ஒன்றையும் காணவில்லை என்று குறைகூற வேண்டாம்.)

ஆனால் அப்பதிவுகள் எவ்வாறு வருகின்றன? தொண்டைமானாற்றில் கண்டதும் யாழ்ப்பாணம், சாவகச்சேரி வயலில் கண்டதும் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறைக்குப் போகும் பண்ணைப் பாலத்தில் கண்டதும் யாழ்ப்பாணம். வரைபடத்தில் நகரத்தின் நடுவே, பேருந்து நிலையத்திற்கு அண்மையில், ஒரே புள்ளியில் கடலேரிப் பறவையும் வயற்பறவையும் காட்டுப் பறவையும் குவிந்துகிடக்கின்றன.

இது எமக்குப் புதிய அனுபவமன்று. எம்மில் எத்தனை பேருடைய பத்திரங்களில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று மட்டும் இருக்கிறது? வேலணையில் பிறந்தவர், மருதங்கேணியில் பிறந்தவர், ஏன், கிளிநொச்சியில் பிறந்தவர்கூட, ஏதோ ஒரு மேசையில், மொழிபெயர்ப்பாளரும் அலுத்துப்போன ஒரு பிற்பகலில், யாழ்ப்பாணத்தில் பிறந்தவரானார். அது பிழையென்று சொல்லப் பிறகு எத்தனை கடிதங்கள் எழுதினோம்! அந்த வலியை அறிந்த நாமே ஒரு நாரையின் ஊரை அவ்வாறு எழுதிவிடலாகாது.

இதனால் வரும் நட்டம் வெறும் மனக்குறையோடு நின்றுவிடுவதுமில்லை. மன்னாரைப் பாருங்கள். மன்னார்த் தீவும் அதனை அடுத்த வங்காலைச் சரணாலயமும் குளிர்நாடுகளிலிருந்து வரும் பறவைகளின் பெருந்தங்குமிடங்கள். வங்காலை 2008 இல் சரணாலயமாகவும் 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகம் ஒன்றின் உடலில் பொருத்திய சிறு கருவி, அப்பறவை 2021 இல் இந்தியாவைக் கடந்து ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை சென்ற பாதையைக் காட்டித் தந்தது. அதே தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவாற் மின்நிலையம் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. அடுத்து அதானி நிறுவனம் 250 மெகாவாற் திட்டமொன்றை முன்வைத்தபோது, அது பறவைகளின் வழியில் அமைகிறதென்று 2024 இல் உயர்நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. தீவில் காற்றாலை பற்றிய விவாதம் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை.

காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்பதற்கு இப்பத்தியில் இடமில்லை. மின்சாரம் இல்லாத இரவுகளையும் நாம் மறந்தவர்களல்லர். ஆயினும் இத்தகைய வழக்குகளில் வினா எப்போதும் ஒன்றுதான்: பறவை எங்கே இறங்குகிறது, எந்தக் கரையால் பறக்கிறது? தீவுக்குள் ‘மன்னார்’ என்று ஒரே புள்ளியில் குவித்த நூறு பதிவுகள் அவ்வினாவுக்கு ஒரு விடையும் தரா. தலைமன்னார் வீதியில் இத்தனையாவது மைற்கல்லுக்கு அருகே, வடபுறச் சதுப்பில் என்று குறித்த ஒரே பதிவு விடை தரும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒருவர் எழுந்து, தார் வீதியில் நீர்க்காகம் மீன்பிடிக்கும் தரவுத்தளத்தையா நம்பச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், நாம் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

எனவே பழக்கத்தில் சில மாற்றங்கள் வேண்டும். நின்ற இடத்திலேயே பதிவைத் தொடங்குவது முதலாவது. விரல் விறைத்தால் புள்ளியை மட்டும் இட்டுவிட்டு, மிகுதியைப் பிறகு எழுதலாம். ஈபேர்ட் கேட்பது பார்த்தவர் நின்ற அல்லது நடந்த இடத்தை. ஃபோன்-பிரான்ஸில் பறவை இருந்த இடத்தையே வரைபடத்தில் குறிக்கலாம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர் பலர். தடாகத்திலிருந்து புய்ட்-ஷோமோன் பூங்காவுக்கு நடந்து போனால் அவை இரண்டு பதிவுகள். ஊரிலே வாகனத்தில் காலை முதல் மாலைவரை சுற்றியதை ஒரே பட்டியலாக்காமல், இறங்கிய இடந்தோறும் ஒரு பட்டியல் எழுத வேண்டும். எட்டுக் கிலோமீற்றரைத் தாண்டிய பட்டியலால் ஆய்வாளருக்குப் பயன் மிகக் குறைவு. தளம் முன்கூட்டியே பெயரிட்டு வைத்திருக்கும் பொது இடங்களுள் ஒன்றைத் தெரிவு செய்வது இலகுதான். ஆனால் அங்கே நின்றிருந்தால் மட்டும். பூங்காவுக்கு வெளியே பேருந்துத் தரிப்பில் கண்டதைப் பூங்காவின் கணக்கில் சேர்க்கலாகாது.

ஊர்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரியகுளம் என்றும் புதுக்குளம் என்றும் வன்னியில் எத்தனை! ஆங்கில எழுத்தில் வந்தபின் அவற்றின் உருவமே மாறிவிடும். ஆகவே புள்ளியை இட்டபின், குறிப்பில் பெயரைத் தமிழிலும் எழுதி, அண்மையிலுள்ள கோயிலையோ பாடசாலையையோ சேர்த்துவிடுதல் நன்று. அப்பெயர்களை அறிந்த தலைமுறை இப்போது ஓய்வூதிய வயதில் இருக்கிறது. பிள்ளையின் கைத்தொலைபேசியில் அப்பாவோ அம்மம்மாவோ சொல்லிக்கொடுக்கக்கூடிய வேலை இது.

இடத்தைச் சரியாக எழுதக்கூடாத சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. கூடு, குஞ்சு, வேட்டைக்கோ விற்பனைக்கோ தேடப்படும் இனங்கள் ஆகியவற்றின் புள்ளியை உலகுக்குக் காட்டுவது பறவையைக் காட்டிக்கொடுப்பதாகும். சில இனங்களைத் தளங்களே மறைத்துவிடுகின்றன. ஏனையவற்றை மறைத்துப் பதியும் வசதியும், பிறகு ஆறுதலாகப் பதியும் வசதியும் உண்டு. மறைப்பது வேறு, மாற்றி எழுதுவது வேறு என்பதை மட்டும் மனதிற் கொள்க. அவ்வாறே தமது வீட்டு யன்னலிலிருந்து பார்ப்பவர்கள், ‘எங்கள் வீடு, மூன்றாம் மாடி, வலது கதவு’ என்று இடத்துக்குப் பெயரிட வேண்டாம். அப்புள்ளிகள் எல்லோர் கண்ணிலும் படும். வீட்டு விலாசத்தை ஊருக்குச் சொல்ல விரும்பாததற்கு எம்மவரிடம் நியாயமான காரணங்கள் இருக்கலாம். அத்தகையோர் அருகிலுள்ள பூங்காவிற்கு இறங்கிப் போய் அங்கே நின்று பார்ப்பதே உத்தமம்.

எமது நீர்க்காகத்தின் புள்ளியை அன்றிரவே திருத்தினோம். பழைய பதிவைத் திறந்து இடத்தை மாற்ற இரண்டு நிமிடம்கூடச் செல்லவில்லை. தொண்டருக்கு நன்றி எழுதினோம். அவரும் தாம் ஒருமுறை தாராக்களைப் புகையிரதத்துக்குள் பதிந்த கதையை எழுதி அனுப்பினார். அந்த உற்சாகத்தில் எமது பழைய நினைவுகளையும் பதிந்துவிடலாம் என்று தோன்றியது. 1983 க்கு முந்திய ஒரு மார்கழியில், பேருந்து ஆனையிறவைக் கடக்கையில், நீரின் மேல் இளஞ்சிவப்பாய் ஒரு கரை தெரிந்தது. பூநாரைகள். பேருந்தே ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தது. வரைபடத்தை விரித்து, புள்ளியை இட விரலைக் கொண்டுபோனோம். வீதிக்குக் கிழக்கேயா, மேற்கேயா? யன்னல் வலப்பக்கத்தில் இருந்தது நினைவிருக்கிறது. ஆனால் நாம் யாழ்ப்பாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோமா, அங்கிருந்து வந்துகொண்டிருந்தோமா என்பது நினைவில் இல்லை. அன்று அருகில் அமர்ந்திருந்த அண்ணரிடம் தொலைபேசியில் கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பறவைகள் மட்டுந்தான் நினைவிருக்கிறது என்றார். புள்ளியை இடாமல் வரைபடத்தை மூடிவிட்டோம்.